பெயர்ப் பட்டியலும் பொது விசாரணையும்: இராஜஸ்தானில் ஊழல் எதிர்ப்பும் தகவல் அறியும் உரிமையின் தோற்றமும் (1987–2005)

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் தகவல் அறியும் உரிமை பெரும்பாலும் கருத்துச் சுதந்திரத்தின் நீட்சியாகவும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் விளைவாகவும் விளக்கப்படுகிறது. மத்திய இராஜஸ்தானின் வறட்சி நிவாரணப் பணியிடங்களில் எழுந்த கூலிப் பிரச்சினையே அவ்வுரிமைக்கு இன்றைய வடிவத்தைத் தந்தது என இக்கட்டுரை வாதிடுகிறது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் நடத்திய பொது விசாரணைகளில் மஸ்டர் ரோல் எனும் கூலிப் பதிவேட்டின் பெயர்ப்பத்தி வகித்த இடமும், ஆவணத்தைப் பார்வையிடுவதற்கும் அதன் பிரதியைப் பெறுவதற்கும் இடையே எழுந்த பூசலும் இங்கு ஆராயப்படுகின்றன. இப்பின்னணியில், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 8(1)(ஒ) பிரிவு 2023இல் திருத்தப்பட்டதன் பொருளும் நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஊழல் எதிர்ப்பு, மஸ்டர் ரோல், பொது விசாரணை, இராஜஸ்தான், தகவல் அறியும் உரிமை, சமூகத் தணிக்கை.

முன்னுரை

தகவல் அறியும் உரிமையின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாக இரண்டு தொடக்கப் புள்ளிகளைச் சுட்டுவர். ஒன்று, 1766ஆம் ஆண்டின் சுவீடன் நாட்டுச் சட்டம். மற்றொன்று, உத்தரப் பிரதேச அரசு எதிர் ராஜ் நாராயண் வழக்கில் (1975) நீதிபதி கே.கே. மேத்யூ வழங்கிய தீர்ப்பு. அரசு ஊழியர்கள் பொது வகையில் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்னும் கருத்தை அத்தீர்ப்பு முன்வைத்தது. 1981இல் எஸ்.பி. குப்தா வழக்கு அக்கருத்தை அரசமைப்பின் 19(1)(அ) உறுப்போடு பிணைத்தது. இவ்விரு தீர்ப்புகளும் வெளிவந்த பிறகும் 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் அப்படியே நீடித்தது. எந்த ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு கோப்புகூட அவற்றால் திறக்கப்படவில்லை. தீர்ப்பு வழங்கிய உரிமைக்கும் அலுவலக அலமாரிக்கும் இடையே இருந்த தொலைவு குறையவில்லை.

அத்தொலைவைக் கடந்தவர்கள் கருத்துச் சுதந்திரத்தைக் கோரி வந்தவர்கள் அல்லர். தாம் செய்த வேலைக்குரிய கூலி முழுமையாக வராதது ஏன் என்று கேட்டவர்கள். அவர்களுடைய கேள்வியும் பொதுவான வெளிப்படைத்தன்மை பற்றியதன்று. ஒரு குறிப்பிட்ட தாளில் யார் யாருடைய பெயர்கள் எழுதப்பட்டுள்ளன என்பதே அவர்கள் அறிய விரும்பியது. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பின்னர் வந்த சட்டங்களுள் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதை இதைக் கொண்டே விளக்க முடிகிறது.

கூலியிலிருந்து கணக்கிற்கு

மத்திய இராஜஸ்தான் வறட்சி மிகுந்த நிலப்பகுதி. மழை பொய்க்கும் ஆண்டுகளில் ஆண்கள் பலர் வெளியூர்களுக்கு வேலை தேடிச் செல்வர். ஊரில் தங்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் அரசின் வறட்சி நிவாரணப் பணிகளே பிழைப்பு. சாலை அமைத்தல், குளம் வெட்டுதல், தடுப்பணை கட்டுதல் ஆகியன அப்பணிகள். இவற்றில் குறைந்தபட்சக் கூலி வழங்க வேண்டியதில்லை என்று 1964ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்று விலக்களித்திருந்தது. நிவாரணம் கருணையாகக் கருதப்பட்டதே அவ்விலக்கின் உட்பொருள்.

இச்சட்டத்தை எதிர்த்து தொடரப்பட்ட சஞ்சித் ராய் எதிர் இராஜஸ்தான் அரசு வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாளொன்றுக்கு 7 ரூபாய் குறைந்தபட்சக் கூலியாக இருந்த காலம் அது. வேலையாட்கள் இருபது பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, குழு முடித்த வேலையின் அளவைக் கொண்டு கூலி பகிரப்பட்டது. அளவு குறைந்தால் குழுவிலுள்ள அனைவருக்கும் கூலி குறையும். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று நீதிபதி பி.என். பகவதி கருதினார். நீதிபதி ஆர்.எஸ். பதக் 14ஆம் உறுப்பின் வழியாக அதே முடிவுக்கு வந்தார். சட்டத்தளத்தில் தொழிலாளர்கள் வென்றனர். பணியிடத்தில் அளவுகோல் மட்டும் இளநிலைப் பொறியாளரின் கையிலேயே இருந்தது.

1987இல் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங், அவருடைய மனைவி அன்ஷி ஆகியோர் இன்றைய ராஜ்சமந்த் மாவட்டத்திலுள்ள தேவ்டூங்ரி என்னும் சிற்றூரில் குடியேறினர். அருணா ராய் சென்னையில் பிறந்தவர். 1968இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, சில ஆண்டுகளில் பதவி விலகி, திலோனியாவில் இயங்கிய சமூகப் பணி மையத்தில் பணியாற்றியவர். 1990 மே 1 அன்று பீம் நகரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் (உழைப்பாளர் உழவர் ஆற்றல் சங்கம் எனப் பொருள்படும், இனி ‘சங்கடன்’) தொடங்கப்பட்டது. முழுநேரப் பணியாளர்கள் மாநிலக் குறைந்தபட்சக் கூலியின் அளவிலேயே ஊதியம் பெறுவது என்பது அமைப்பின் நெறியாயிற்று. மற்றவரிடம் கணக்குக் கேட்கப் புறப்பட்ட அமைப்பு ஒன்றுக்கு இந்நெறி எத்தகைய பாதுகாப்பு என்பதைப் பின்னர் நடந்தவை காட்டின.

1990, 1991 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பீம் நகரில் முழுக்கூலி கேட்டு உண்ணாநிலைப் போராட்டங்கள் நடைபெற்றன. ஒவ்வொரு முறையும் அலுவலர்கள் சொன்ன மறுமொழி ஒன்றே: நீங்கள் வேலையை முழுமையாகச் செய்யவில்லை, அளவுப் புத்தகத்தில் அவ்வாறே உள்ளது. அப்படியாயின் அப்புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால், அது அரசின் ஆவணம், காட்ட இயலாது என்பது அடுத்த மறுமொழி. கூலிக் கோரிக்கை ஆவணக் கோரிக்கையாக உருமாறிய இடம் இதுவே. இம்மாற்றத்தை எந்தக் கோட்பாட்டு நூலும் தூண்டவில்லை. அலுவலர்களின் மறுமொழியே தூண்டியது.

மஸ்டர் ரோல் என்னும் ஆவணம்

தமிழக அலுவலக வழக்கில் வருகைப் பட்டியல் அல்லது என்.எம்.ஆர். என்று வழங்கும் பதிவேடே வடமாநிலங்களில் மஸ்டர் ரோல். தொழிலாளியின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வேலை செய்த நாள்கள், கூலி விகிதம், மொத்தத் தொகை, கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை என்று பத்திகள் அமைந்திருக்கும். ஒரு பணி முடிந்ததாகக் காட்டுவதற்கு இதனோடு வேறு சில ஆவணங்களும் வேண்டும். பொறியாளரின் அளவுப் புத்தகம், கல், மணல், சிமெண்ட் வாங்கியதற்கான பில்கள், வண்டி வாடகை வவுச்சர்கள், இறுதியாகப் பயன்பாட்டுச் சான்றிதழும் பணி முடிவுச் சான்றிதழும். இவை யாவும் ஒன்றோடொன்று பொருந்தினால் கோப்பு முடித்துவைக்கப்படும்.

தணிக்கை செய்வோர் பார்ப்பது இப்பொருத்தத்தையே. கூட்டுத்தொகை சரியா, கையொப்பம் இருக்கிறதா, அனுமதிக்கப்பட்ட தொகைக்குள் செலவு அமைந்துள்ளதா என்பவை அவர்களுடைய வினாக்கள். தாளைத் தாளோடு ஒப்பிடும் இம்முறையில், எல்லாத் தாள்களையும் ஒரே கூட்டத்தார் தயாரித்திருந்தால் பிழை எங்கும் தென்படாது. உண்மையில், நேர்மையாக நடந்த பணியின் கோப்பில்தான் அடித்தல் திருத்தல்கள் மிகுந்திருக்க வாய்ப்புண்டு. முழுப் பொய்யான கோப்பு அழகாகவே இருக்கும்.

மோசடியின் முறைகள் பலவாயினும் பெரும்பாலானவை பெயர்ப்பத்தியைச் சார்ந்தவை. இறந்தவர் பெயரில் கூலி எழுதுதல், வெளியூர் சென்றவரை வேலை செய்ததாகக் காட்டுதல், ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு பணியிடங்களில் பதிதல், பத்து நாள் உழைத்தவருக்குப் பதினைந்து நாள் எழுதிப் பத்து நாளுக்கும் குறைவான கூலியைக் கையில் தருதல் ஆகியன அவற்றுள் சில. கடைசியாகச் சொன்னதில் கூலிக் குறைப்பும் கணக்கு மோசடியும் ஒரே வரியில் இணைவதைக் கவனிக்க வேண்டும். அளவு குறைந்தது என்று தொழிலாளியிடம் சொல்லப்பட்டது. அளவு முழுமை என்று கருவூலத்திடம் சொல்லப்பட்டது. இரண்டு கூற்றுகளும் சந்திக்காதவரை இடைப்பட்ட தொகை பாதுகாப்பாக இருந்தது.

இந்த ஆவணத்தைச் சரிபார்க்கும் தகுதி மாவட்டத் தலைநகரில் எவருக்கும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் இருந்தது. பட்டியலில் உள்ள முதியவர் மூன்றாண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார் என்பது கணக்கியல் அறிவன்று, அண்டைவீட்டு அறிவு. எழுத்தறியாத பெண்களும் தணிக்கையாளராக அமர முடிந்தது அதனாலேயே. ஆவணத்தை வாசித்துக் காட்ட ஒருவர் போதும். அதன் மெய்ம்மையைச் சொல்ல ஊர் இருந்தது.

ஐந்து விசாரணைகள்

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் முதல் பொது விசாரணை நடைபெற்றது. இந்தியில் ‘ஜன் சுன்வாய்’ என்பர். இளம் ஆட்சிப்பணி அலுவலர் ஒருவரின் ஒத்துழைப்பால் ஆவணங்களின் விவரங்கள் கிடைத்திருந்தன. பந்தல் அமைத்து, வழக்கறிஞர், பத்திரிகையாளர், கல்வியாளர் போன்ற வெளியார் குழு ஒன்றை முன்னிருத்தி, பணிவாரியாகப் பெயர்கள் உரக்க வாசிக்கப்பட்டன. அலுவலர்களுக்கும் சர்பஞ்சுக்கும் (ஊராட்சித் தலைவர்) மறுமொழி கூற வாய்ப்பு உண்டு என அறிவிக்கப்பட்டது. பெயர் வாசிக்கப்பட்டவர்கள் எழுந்து, தாம் அப்பணிக்குச் செல்லவே இல்லை என்றனர். முடிக்கப்பட்டதாக ஆவணம் கூறிய கட்டடம் ஒன்று கூரையின்றி நின்றது. அதைக் கூட்டத்தார் அனைவரும் நாள்தோறும் பார்த்துவந்தனர். கண்முன் நிற்கும் கட்டடத்தைப் பற்றிய உண்மை, தாளைக் கேட்ட பிறகே ஊழல் என்னும் பெயரைப் பெற்றது.

தொடர்ந்து பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய இடங்களில் 1995 ஏப்ரல் வரை நான்கு விசாரணைகள் நடந்தன. பீம் விசாரணையில் கவனம் பெயர்ப்பட்டியலிலிருந்து பொருள் விநியோகத்திற்கு நகர்ந்தது. பொருள்களை வழங்கியதாகப் பில்கள் காட்டிய நிறுவனம் ஒன்று தாளில் மட்டுமே இயங்கியது வெளிப்பட்டது. கூலி மோசடியைவிடப் பொருள் மோசடியில் தொகை பெரிது. எனினும் மக்களைக் கூட்டத்திற்கு இழுத்தது பெயர்ப்பட்டியலே. தன் பெயரில் யாரோ பணம் பெற்றார் என்பது, சிமெண்ட் மூட்டைகளின் எண்ணிக்கையைப் போலன்றி, ஒருவரின் மானத்தைத் தொடுவது.

ஜவாஜா விசாரணையை ஒட்டி அஜ்மீர் மாவட்டத்தில் நிகழ்ந்த எதிர்ப்பு, அவ்வளவாகப் பேசப்படாத ஒரு முக்கியச் செய்தி. ஆவணங்களை வழங்குமாறு மாவட்ட நிர்வாகம் கூறியும் ஊராட்சிச் செயலர்களாகிய கிராம சேவக்குகள் மறுத்துப் போராட்டத்தில் இறங்கினர். அரசின் தணிக்கைக்குக் கட்டுப்படுவோம், ஊராருக்கு அன்று என்பதே அவர்களுடைய நிலைப்பாடு. இதை வெறும் குற்றவாளிகளின் அச்சம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அதில் நிர்வாகக் கோட்பாடு ஒன்றும் அடங்கியுள்ளது. கீழ்நிலை ஊழியர் மேல்நிலை அலுவலருக்குப் பொறுப்புடையவர், குடிமகனுக்கு அல்லர் என்பது காலனிய வருவாய்த்துறை விட்டுச்சென்ற படிநிலை. பொது விசாரணை அப்படிநிலையைப் பக்கவாட்டில் திருப்பியது. கிராம சேவக்குகள் தமக்கு நேர்வது இன்னதென்று சரியாகவே உணர்ந்திருந்தனர்.

பார்வையிடலா, பிரதியா?

1995 ஏப்ரல் 5 அன்று முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத், ஊராட்சிப் பணிகள் தொடர்பான ஆவணங்களின் ஒளிப்படப் பிரதிகளை மக்கள் கட்டணம் செலுத்திப் பெறலாம் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். மறுநாள் நாளேடுகளில் செய்தி வெளிவந்தது. ஆணை வரவில்லை. ஓராண்டுக்குப் பிறகு, 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரின் சாங் கேட் பகுதியில் சங்கடன் தர்ணாவைத் தொடங்கியது. அவ்வேளையில் அரசு ஓர் ஆணையை வெளியிட்டது: கட்டணம் செலுத்தி ஆவணங்களைப் பார்வையிடலாம், பிரதி கிடையாது.

வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இது பெரும் முன்னேற்றமாகவே தோன்றியிருக்கும். சங்கடன் அதை ஏற்க மறுத்தது. காரணம் பிடிவாதமன்று. பார்வையிடல் என்பது பஞ்சாயத்து சமிதி அலுவலகத்தில், எழுத்தர்கள் சூழ, குறிப்பிட்ட நேரத்தில் நிகழ்வது. எழுத்தறியாத தொழிலாளிக்குத் தாள் கண்ணில் பட்டும் பயனில்லை. அதைவிட, பெயர்களைச் சரிபார்க்கவேண்டிய மக்கள் பல கல் தொலைவில் ஊரில் இருக்கின்றனர். ஆவணம் அலுவலகத்தில் இருக்கும்வரை அது தாளைத் தாளோடு ஒப்பிடும் பழைய உலகத்தின் பொருள். அதன் பிரதி ஊருக்கு வந்த பின்பே அது சான்றாக மாறும். நீதிமன்றத்திலோ காவல் நிலையத்திலோ முன்வைப்பதற்கும் பிரதியே வேண்டும். பார்வையிட்டேன் என்று ஒரு கூலித்தொழிலாளி சொல்வதை யார் எழுதிக்கொள்வர்? ஒளிப்பட நகல் இயந்திரம் சிறு நகரங்களின் கடைவீதியில் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய காலம் அது என்பதும் நினைவுகூரத்தக்கது.

பியாவர் தர்ணா நாற்பது நாள்கள் நீடித்தது. மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்த வேளையிலும் எக்கட்சிக்கும் ஆதரவு தரப்படவில்லை. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து தானியம் வந்தது, கடைவீதி வணிகர்கள் காய்கறி அளித்தனர், தொழிற்சங்கங்கள் துணைநின்றன. சங்கர் சிங்கின் பொம்மலாட்டமும் பகடி நாடகங்களும் மாலைக் கூட்டங்களுக்கு ஆள் சேர்த்தன. ‘நம் பணம், நம் கணக்கு’ என்ற பொருள்படும் முழக்கம் இக்காலத்திலேயே பரவியது. படிக்காத உங்களுக்கு இவ்வுரிமை எதற்கு என்று டெல்லியில் செய்தியாளர் கேட்டபோது இயக்கத்தைச் சேர்ந்த ஒரு பெண் கூறிய விடை பின்னர் பலராலும் எடுத்தாளப்பட்டது: மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பியதும் கணக்குக் கேட்கிறோம், எங்கள் பெயரால் அரசு செலவிடும் கோடிகளுக்குக் கேட்கக் கூடாதா என்பது அதன் சாரம். மேத்யூவின் தீர்ப்பு கூறியதும் இதுவே எனலாம். ஆயினும், தீர்ப்பில் குடிமகன் அறிபவர். இக்கூற்றில் அவர் பணத்தின் உரிமையாளர். இரண்டும் ஒன்றல்ல.

1996 ஆகஸ்டில் மக்களின் தகவல் உரிமைக்கான தேசிய பிரச்சாரக் குழு அமைந்தது. நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான இந்திய பத்திரிகை மன்றம் மாதிரி வரைவு ஒன்றைத் தயாரித்தது. இராஜஸ்தானிலோ ஆணை இன்னும் வெளிவராததால் 1997 மே மாதம் ஜெய்ப்பூரில் இரண்டாவது தர்ணா தொடங்கி 53 நாள்கள் நடந்தது. அதன் முடிவில் துணை முதலமைச்சர் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பிரதி வழங்குவதற்கான விதி ஆறு மாதத்திற்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டதாம். தகவல் உரிமைக்காகத் தெருவில் அமர்ந்திருந்தவர்களுக்கு அவ்வுரிமை வழங்கப்பட்டுவிட்டது என்னும் தகவல் தெரிவிக்கப்படவில்லை. இராஜஸ்தான் நிர்வாகத்தின் இயல்பை விளக்க இதைவிடச் சிறந்த சான்று ஆய்வாளர் எவருக்கும் கிட்டாது.

சட்டம் முந்திய மாநிலமும் போராட்டம் முந்திய மாநிலமும்

இராஜஸ்தான் மக்கள் பிரதிக்காகத் தெருவில் அமர்ந்த அதே 1997ஆம் ஆண்டில், இந்தியாவிலேயே முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. அச்சட்டத்தின் பின்னால் இத்தகைய மக்கள் கோரிக்கை ஏதும் இருக்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட விதிவிலக்குகள் அதில் இடம்பெற்றன. முந்திய சட்டம் என்னும் பெருமை தமிழ்நாட்டுக்கு உரியதே. ஆனால் 2005ஆம் ஆண்டின் மையச் சட்டத்தை வடிவமைத்தோர் முன்மாதிரியாகக் கொண்டது அதையன்று. மேலிருந்து வழங்கப்பட்ட சட்டம் எந்த ஆவணம் யாருக்கு ஏன் தேவை என்ற வினாவை எதிர்கொள்ளாமலேயே எழுதப்படுவது. அதனால் விலக்குகளின் பட்டியல் நீள்கிறது.

இராஜஸ்தான் சட்டம் 2000இல் இயற்றப்பட்டு 2001 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டம், 2002 அரசிதழ் வழி நடைமுறைப்படுத்தப்படாமலேயே முடிந்தது. அதற்கு மாற்றாக வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 2(ஒ) பிரிவில் உரிமை என்பதன் விளக்கம், பணிகளையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடல், குறிப்பெடுத்தல், சான்றளிக்கப்பட்ட பிரதி பெறுதல், பயன்படுத்தப்பட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறுதல் ஆகியவற்றை உள்ளடக்குகிறது. சாலையில் இட்ட கலவையில் ஒரு கைப்பிடியைக் கேட்டுப் பெறலாம். கருத்துச் சுதந்திரத்திலிருந்து மட்டும் இச்சொற்கள் பிறந்திருக்க வாய்ப்பில்லை. பியாவரின் பூசல் அப்பிரிவில் வரிக்கு வரி பதிந்துள்ளது. தகவலை உரிய காலத்தில் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தனிப்பட அபராதம் விதிக்கும் 20ஆம் பிரிவும், அரசாணையை நம்பி ஏமாந்தவர்களின் பட்டறிவைச் சார்ந்ததே. அதே ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் கிராம சபையின் சமூகத் தணிக்கையைச் சட்டக் கடமையாக்கியது.

யாரிடமிருந்து மீண்டது?

பொது விசாரணைகளின் வெற்றியை மதிப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. 1998 ஜனவரியில் ராஜ்சமந்த் மாவட்டத்தின் குக்கர்கேடாவில் நடந்த விசாரணையில் பெண் சர்பஞ்ச் ஒருவர் ஒரு இலட்சம் ரூபாயைத் திருப்பித்தர ஒப்புக்கொண்டார். ஊர்ப் பணம் ஊருக்குத் திரும்பிய நிகழ்வாக அது கொண்டாடப்பட்டது. கொண்டாட்டத்திற்குக் காரணம் இருந்தது. நீதிமன்றத்தில் பல்லாண்டுகள் ஆகக்கூடிய ஒன்று ஒரே நாளில் நிகழ்ந்தது.

ஆனால் திருப்பித்தந்தவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். 73ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் இடஒதுக்கீட்டால் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் பதவிக்காலம் அது. மதிப்பீடு தயாரித்த பொறியாளர், பதிவேடு எழுதிய கிராம சேவக், பில்களை ஏற்ற சமிதி அலுவலர் என்று ஒரு சங்கிலியே கையொப்பமிட்ட பிறகுதான் எந்தத் தொகையும் வெளியேறும். பந்தலில் ஊராரின் முகத்தை நோக்கி நிற்க வேண்டியவர் அச்சங்கிலியில் ஊரிலேயே வாழ்பவர் மட்டுமே. மற்றவர்களுக்கு மாறுதல் ஆணை இருந்தது. பொது விசாரணையின் வலிமை அண்டைவீட்டார் முன் நாணுதலைச் சார்ந்தது என்றால், அண்டை வீடே இல்லாதவரிடம் அது செல்லுபடியாகவில்லை. இயக்கத்தைப் போற்றும் எழுத்துகள் இக்குறையை விரைந்து கடந்துவிடுகின்றன.

2001 ஏப்ரல் 3 அன்று நடந்த ஜனாவத் விசாரணை இவ்வகையில் வேறுபட்டது. அவ்வூராட்சியின் ஆவணங்கள் நீண்ட அலைச்சலுக்குப் பிறகே கிடைத்தன. பணம் செலவிடப்பட்டதாக எழுதப்பட்டிருந்த சில கட்டுமானங்கள் நிலத்தில் எங்குமே இல்லை. விசாரணைக்குப் பிறகு மாநில அரசே பன்னாலால் குழு என்ற ஆய்வுக்குழுவை அமைத்தது. மோசடியை அக்குழுவும் உறுதிசெய்து, பொறுப்பு ஊராட்சி மட்டத்தோடு நிற்பதன்று என்பதை வெளிக்கொணர்ந்தது. பந்தலால் எட்ட முடியாத இடத்தை அரசு ஆய்வு எட்டியது. ஆனால் பந்தல் இல்லாமல் அந்த ஆய்வு தொடங்கியிருக்காது.

பெயர் தனிப்பட்ட தகவலா?

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவு தனிப்பட்ட தகவலுக்கு விலக்களித்தது, ஆனால் நிபந்தனைகளோடு. பொது நடவடிக்கையோடு தொடர்பற்ற, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையற்று நுழையும் தகவலே மறுக்கப்படலாம். பொதுநலன் மேலோங்கினால் அதையும் வழங்கலாம். நாடாளுமன்றத்திற்கு மறுக்கவியலாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்ற வரம்பும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023இன் 44(3) பிரிவு இந்நிபந்தனைகளை நீக்கி, தனிப்பட்ட தகவல் தொடர்பானது என்ற அளவிலேயே விலக்கு அமையுமாறு திருத்தியது. 2017ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்ததை அரசு இதற்கு நியாயமாகக் காட்டுகிறது. பொதுநலன் மேலோங்கும்போது விலக்கப்பட்ட தகவலையும் வழங்கலாம் என்னும் 8(2) பிரிவு தொடர்வதையும் சுட்டிக்காட்டுகிறது.

அந்தரங்க உரிமை பொய்க்காரணம் அன்று. ஏழைகளின் விவரங்கள் கேட்பாரின்றிப் பரவுவதும் தீங்கே. எனினும் மஸ்டர் ரோலின் வரலாற்றை அறிந்தவர்க்கு இங்கு ஒரு தலைகீழ் மாற்றம் புலப்படும். கோட் கிரானாவில் பெயர் வாசிக்கப்பட்டவர்கள் தம் அந்தரங்கம் மீறப்பட்டதாகக் கருதவில்லை. தம் பெயர் தமக்குத் தெரியாமல் அலுவலக அலமாரியில் பயன்படுத்தப்பட்டதையே மீறலாகக் கண்டனர். பெயர்ப்பத்தியை மறைத்துவிட்டு மொத்தத் தொகையை மட்டும் வெளியிட்டால், ஆவணம் மீண்டும் தணிக்கையாளர் மட்டுமே படிக்கக்கூடிய தாளாகிவிடும். நூறு பேருக்குக் கூலி வழங்கப்பட்டது என்ற வரியை எந்த ஊராலும் பொய்யென்று நிறுவ முடியாது. இன்னாருக்கு வழங்கப்பட்டது என்ற வரியையே முடியும்.

8(2) பிரிவு தரும் ஆறுதலும் நடைமுறையில் குறைவானது. முன்பு, மறுக்கும் அலுவலர் அத்தகவல் பொது நடவடிக்கையோடு தொடர்பற்றது என்று காட்ட வேண்டியிருந்தது. இப்போது பொதுநலன் எதுவென நிறுவும் சுமை கேட்பவரிடம் சாய்கிறது. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை அரசு அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்னும் 4(1)(ஆ) பிரிவின் பன்னிரண்டாம் உட்பிரிவு மாற்றப்படாமல் இருக்கிறது. ஒரே சட்டத்தில் ஒரு பிரிவு பயனாளியின் பெயரைச் சுவரில் எழுதச் சொல்கிறது; மற்றொரு பிரிவு அதே பெயரைக் கேட்பவருக்கு மறுக்க இடந்தருகிறது. தீர்ப்பொன்று வரும்வரை, இவ்விரண்டுள் எதைக் கைக்கொள்வது என்பதை ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரே முடிவு செய்வார். தவறாக மறுத்தால் அவருக்கு அபராதம் 25,000 ரூபாய் வரை. தவறாக வழங்கினால் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவருடைய அலுவலகம் எதிர்கொள்ளக்கூடிய தண்டத்தொகை கோடிகளில் அளக்கப்படுகிறது.